அடம் பிடிக்கும் பைல்!

அழிய மறுத்தால் ஆத்திரப்படக் கூடாது. அது ஆபத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்

வேண்டாத காகிதத்தைக் கிழித்துப் போடுகிறோம். வேண்டாத பாத்திரத்தைப் பழைய சாமான் கடையில் போடுகிறோம். கம்ப்யூட்டரில் வேண்டாத பைலை என்ன செய்கிறோம்? அதன் மேல் அம்புக்குறியை வைத்து, "டெலிட்" பொத்தானை அமுக்குகிறோம். கண் இமைக்கும் நேரத்தில் பைல் மறைந்து விடுகிறது.

ஆனால், சில பைல்கள் மறைவது இல்லை!

"இந்தப் பைலை அழிக்க முடியாது" என்று கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. மீண்டும் அமுக்கினால் மீண்டும் அதே பதில். சில பைல்கள் அழிந்தது போல் போக்குக் காட்டும். கம்ப்யூட்டரை மூடித் திறந்தால் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்து இருக்கும். இன்னும் சில பைல்களின் பெயரைப் படிக்கவே முடியாது. கட்டம், கொக்கி, வளைவு என்று மந்திரத் தகடு போல இருக்கும்.

இதைக் கண்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. எங்கிருந்தோ ஒரு புரோகிராமைக் கொண்டு வந்து, அந்தப் பைலைப் பலவந்தமாக அழிக்கிறார்கள். சிலர் டிஸ்க் முழுவதையும் துடைத்து விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிகிறது. மகளின் கல்யாணப் படங்கள், கடையின் 5 வருடக் கணக்கு, பையன் எழுதிய கல்லூரிக் கட்டுரை எல்லாம் அந்த ஒரு பைலோடு சேர்ந்து போய்விட்டன!

"பதறாத காரியம் சிதறாது" என்பது பழமொழி. கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும். பைல் ஏன் அழிய மறுக்கிறது? டிஸ்க்கில் உள்ள விவரங்கள் எப்படிக் கெடுகின்றன? கெட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன? இவற்றைத் தெரிந்து கொண்டால், இழப்பில் இருந்து தப்பலாம்.

பீரோ அளவு பெட்டி

கம்ப்யூட்டரில் நாம் சேர்த்து வைப்பவை எல்லாம் "ஹார்டு டிஸ்க்" என்ற பெட்டிக்குள் இருக்கின்றன. உலகத்தின் முதல் ஹார்டு டிஸ்க்கை, அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி 1956-ம் ஆண்டு வெளியிட்டது. அதில் 50 தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டின் குறுக்களவு 24 அங்குலம். மொத்த எடை சுமார் 1 டன்!

இவ்வளவு பெரிய பெட்டியில் எத்தனை எழுத்துக்களைச் சேர்த்து வைக்க முடிந்தது? 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும்.

இன்றைய ஹார்டு டிஸ்க் உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 5,400 சுற்று அல்லது 7,200 சுற்று. அதாவது ஒரு விநாடிக்குள் 90 அல்லது 120 தடவை சுற்றி விடுகிறது.

அந்தத் தட்டின் மேல் சிறு முனை ஒன்று அங்கும் இங்கும் போய் வருகிறது. எழுதுவதும் அதுதான், படிப்பதும் அதுதான். கிராமபோன் முள் இசைத்தட்டைத் தொட்டுக் கொண்டு ஓடும். இந்த முனை தட்டைத் தொடுவது இல்லை. தட்டுக்கு மேலே மிதக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி, நம் தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு! சிகரெட் புகையின் துகள் கூட அந்த இடைவெளியில் நுழைய முடியாது. அதனால்தான் ஹார்டு டிஸ்க்கை வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது என்கிறார்கள். ஒரு தூசி விழுந்தால் போதும், தட்டில் கீறல் விழுந்து விடும்.

இப்போது பல கம்ப்யூட்டர்களில் சுற்றும் தட்டு இல்லாத "எஸ்.எஸ்.டி." என்ற டிஸ்க் வருகிறது. பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவையும் அதே ஜாதி. அவற்றில் அசையும் பாகம் கிடையாது. ஆனால் அவையும் கெடும்.

பெயரைத்தான் அடிக்கிறார்கள்!

டிஸ்க்கில் லட்சக்கணக்கான பைல்கள் இருக்கின்றன. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு பதிவேடு உண்டு. சார்பதிவாளர் ஆபீசில் எந்த மனை யாருக்குச் சொந்தம் என்று பதிவு செய்து வைப்பது போல, டிஸ்க்கிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. டிஸ்க் முழுவதும் சின்னச் சின்ன மனைகளாகப் பிரிக்கப்பட்டு இருக்கும். "இந்தப் படம் 10-ம் மனையில் ஆரம்பிக்கிறது, பிறகு 11, பிறகு 57, பிறகு 58" என்று பதிவேட்டில் குறிப்பு இருக்கும்.

"டெலிட்" பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கிறது? பைலில் உள்ள எழுத்துக்களை எல்லாம் கம்ப்யூட்டர் அழிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பதிவேட்டில் உள்ள பெயரின் மேல் ஒரு குறி போடுகிறது. "இந்த மனைகள் காலி, வேறு யாரும் குடியேறலாம்" என்று எழுதி வைக்கிறது. அவ்வளவுதான். மனையில் இருந்த சாமான் அப்படியே கிடக்கும். வேறு பைல் வந்து அதே இடத்தில் குடியேறும் போதுதான் பழையது உண்மையாகவே அழிகிறது.

தவறுதலாக அழித்த பைலைச் சில சமயம் மீட்க முடிவது இதனால்தான். சுற்றும் தட்டு உள்ள டிஸ்க்குக்கு இது பொருந்தும். எஸ்.எஸ்.டி. அப்படி அல்ல. அழித்த சிறிது நேரத்தில் அந்த இடத்தை அதுவே சுத்தம் செய்து விடும். பிறகு மீட்பது மிகவும் கஷ்டம்.

ஆகவே, அழிப்பது என்பது பதிவேட்டில் எழுதுகிற வேலை. பைல் அழிய மறுக்கிறது என்றால், பதிவேட்டில் எழுத முடியவில்லை என்று பொருள். ஏன் எழுத முடியவில்லை? அதற்கு 4 காரணங்கள் உண்டு. முதல் மூன்றும் சாதாரணமானவை. நான்காவதுதான் ஆபத்தானது.

முதல் காரணம்

பைலை வேறு யாரோ பிடித்துக் கொண்டு இருக்கலாம்.

ஒரு பாட்டைக் கேட்டுக் கொண்டு இருக்கும் போதே அந்தப் பாட்டை அழிக்க முயன்றால், விண்டோஸ் விடாது. "இது வேறு புரோகிராமில் திறந்து இருக்கிறது" என்று சொல்லும். ஒருவர் படித்துக் கொண்டு இருக்கும் புத்தகத்தைக் கையில் இருந்து பிடுங்கலாமா?

சில சமயம் திறந்து இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம் பின்னணியில் அதைப் பார்த்துக் கொண்டு இருக்கலாம். எதிர்பாராமல் நின்று போன புரோகிராம், பிடியை விடாமல் இருக்கலாம்.

இதற்கு மருந்து எளிது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, கம்ப்யூட்டரை "ரீஸ்டார்ட்" செய்தால் போதும். "ஷட் டவுன்" கொடுத்து மறுபடி திறப்பதை விட "ரீஸ்டார்ட்" நல்லது. விரைவாகத் திறப்பதற்காக, "ஷட் டவுன்" செய்யும் போது விண்டோஸ் சில வேலைகளை அப்படியே பத்திரப்படுத்தி வைத்துக் கொள்கிறது. "ரீஸ்டார்ட்" செய்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும்.

இரண்டாவது காரணம்

அழிக்க உரிமை இல்லாமல் இருக்கலாம்.

ஒரே கம்ப்யூட்டரை அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் தனித்தனிப் பெயரில் உபயோகிக்கிறார்கள். அப்பாவின் பைலை மகன் அழிக்க முடியாது. அப்பாவின் பெயரில் நுழைந்தால் அழிக்கலாம்.

கம்ப்யூட்டர் இயங்குவதற்கு வேண்டிய பைல்களுக்கும் இப்படிக் காவல் உண்டு. அவை வீட்டின் தூண்கள். இடத்தை அடைக்கிறது என்று தூணை யாராவது வெட்டுவார்களா? "விண்டோஸ்" என்ற போல்டருக்குள் இருப்பது அழிய மறுத்தால், அதை விட்டு விடுவதே புத்திசாலித்தனம்.

மெமரி கார்டு சிலவற்றின் ஓரத்தில் சிறிய நெம்பு ஒன்று இருக்கும். அது பூட்டு. கை பட்டு அது கீழே இறங்கி விட்டால், கார்டில் உள்ள எதையும் அழிக்க முடியாது. நெம்பை மேலே தள்ளினால் சரியாகி விடும்.

மூன்றாவது காரணம்

பெயரில் தகராறு!

விண்டோஸில் ஒரு போல்டருக்கு "கான்" என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்துப் பெயர் வைக்க முயன்று பாருங்கள். கம்ப்யூட்டர் சம்மதிக்காது. பழைய "டாஸ்" காலத்தில் தட்டச்சுப் பலகைக்கும் திரைக்கும் சேர்த்து அந்தப் பெயரை வைத்து இருந்தார்கள். "பி.ஆர்.என்." என்பது அச்சு இயந்திரத்தின் பெயர். அந்தப் பெயர்கள் இன்றும் பொதுமக்களுக்குக் கிடையாது.

வேறு வகைக் கம்ப்யூட்டரில் இருந்து அப்படிப்பட்ட பெயரோடு ஒரு பைல் வந்து சேர்ந்தால், விண்டோஸ் திண்டாடும். அழிக்கச் சொன்னால், பைலைத் தேடாமல் இயந்திரத்தைத் தேடும்! பெயரின் கடைசியில் புள்ளியோ காலி இடமோ இருந்தாலும் இதே தொல்லைதான்.

பெயர் மிக நீளமாக இருந்தாலும் கஷ்டம். போல்டருக்குள் போல்டர், அதற்குள் போல்டர் என்று போட்டுக் கொண்டே போனால், முகவரி 260 எழுத்துக்களைத் தாண்டி விடும். அதற்கு மேல் பல புரோகிராம்களால் படிக்க முடியாது. வெளியே உள்ள போல்டர்களின் பெயரை ஓர் எழுத்தாக, இரண்டு எழுத்தாகச் சுருக்கினால், உள்ளே இருக்கும் பைல் அழிய இணங்கி விடும்.

ஒரே மனைக்கு இரண்டு பத்திரம்

இனி நான்காவது காரணம். பதிவேடே கெட்டுப் போய் இருக்கலாம்!

கணக்கப்பிள்ளை ஒருவர் கணக்கு எழுதுகிறார். பற்று எழுதி விட்டார். வரவு எழுதுவதற்குள் விளக்கு அணைந்து விட்டது. மறுநாள் கணக்கு சரியாக இருக்குமா?

டிஸ்க்கிலும் இதுதான் நடக்கிறது. கம்ப்யூட்டர் எழுதிக் கொண்டு இருக்கும் போது திடீரென்று மின்சாரம் நின்று விடுகிறது. அல்லது, பென் டிரைவில் படம் ஏறிக் கொண்டு இருக்கும் போதே அதைப் பிடுங்கி விடுகிறார்கள். பதிவேட்டில் பாதி எழுதி, பாதி எழுதாமல் நின்று போகிறது.

இந்தக் குறையைப் போக்க, 1993-ம் ஆண்டு வெளிவந்த "விண்டோஸ் என்.டி."யில் ஒரு புது முறையைப் புகுத்தினார்கள். எதை எழுதப் போகிறோம் என்பதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைப்பது. பிறகு பதிவேட்டில் எழுதுவது. நடுவில் மின்சாரம் நின்றால், நாட்குறிப்பைப் பார்த்துச் சரிசெய்து கொள்ளலாம். இப்போது விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் பெரும்பாலும் இந்த முறையில்தான் இயங்குகிறது. ஆனால் பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றில் பெரும்பாலும் பழைய முறைதான். அவற்றில் நாட்குறிப்பு இல்லை. எனவே அவை சீக்கிரம் குழம்பி விடுகின்றன.

பதிவேடு குழம்பினால் விசித்திரங்கள் தோன்றும். பெயர் மந்திரத் தகடு ஆகி விடும். சின்ன பென் டிரைவில், அதன் மொத்த அளவை விடப் பெரிய பைல் இருப்பதாகக் காட்டும். தேதியைப் பார்த்தால் 2050, 2090 என்று இருக்கும்! பழைய முறைப் பதிவேட்டில் 1980 முதல் 2107 வரை எந்த ஆண்டையும் எழுத இடம் உண்டு. குப்பை எழுத்துக்கள் அந்த இடத்தில் விழுந்தால், வருங்கால ஆண்டுகள் வந்து விடுகின்றன.

இந்த மாதிரிப் பைலை ஏன் பலவந்தமாக அழிக்கக் கூடாது?

பதிவேடு குழம்பும் போது, ஒரே மனை இரண்டு பைல்களுக்குச் சொந்தம் என்று எழுதப்பட்டு விடுவது உண்டு. ஒரே மனைக்கு இரண்டு பத்திரம்! ஒரு பத்திரம் போலி. அதுதான் அந்தப் பெயர் தெரியாத பைல். இன்னொரு பத்திரம் அசல். அது குழந்தையின் முதல் பிறந்த நாள் படமாக இருக்கலாம். போலியை அழித்ததும், "மனை காலி" என்று பதிவாகி விடுகிறது. அடுத்து வரும் பைல் அங்கே குடியேறுகிறது. பிறந்த நாள் படம் பாதியில் வெட்டுப்பட்டுப் போகிறது!

டிஸ்க்குக்கு நோய்

பதிவேடு மட்டும் அல்ல. டிஸ்க்கே நோய்வாய்ப்பட்டும் இருக்கலாம்.

ஒவ்வொரு மனையிலும் விவரத்தோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் டிஸ்க் எழுதி வைக்கிறது. பணத்தை எண்ணி, கட்டின் மேல் தொகையை எழுதுவது போன்றது இது. படிக்கும் போது கூட்டிப் பார்க்கிறது. கணக்கு இடித்தால், மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்க்கிறது. முடியாவிட்டால் கையை விரிக்கிறது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் கட்டை வண்டி போல் நகரும்.

2007-ம் ஆண்டு, கூகுள் கம்பெனியின் என்ஜினீயர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 1 லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளைக் கவனித்து எழுதிய ஆராய்ச்சி அது. தட்டைச் சோதிக்கும் போது முதல் பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைப் போல் 39 மடங்கு என்று கண்டார்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் "ஸ்மார்ட்" என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. அதை நம்பலாமா? ஓரளவுதான். அதே ஆராய்ச்சியில், செத்துப் போன டிஸ்க்குகளில் 100-க்கு 56-க்கு மேல், முக்கியமான 4 எச்சரிக்கைகளில் ஒன்றைக் கூடக் காட்டாமலே செத்து இருந்தன!

சத்தம் இல்லாமல் கெடுவதும் உண்டு. ஐரோப்பாவின் அணு ஆராய்ச்சி நிலையமான "செர்ன்" 2007-ம் ஆண்டு தன் பைல்களைச் சரிபார்த்தது. சுமார் 1,500 பைல்களுக்கு ஒன்று வீதம் கெட்டுப் போய் இருந்தது. எந்த அறிவிப்பும் வராமலே கெட்டு இருந்தன.

ஆவி போல் வரும் பைல்

மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் ஒரு விந்தை நடக்கும். பைலை அழிக்கிறோம். அது மறைகிறது. கார்டை எடுத்து மறுபடி சொருகினால், அழித்த பைல் அப்படியே இருக்கிறது! டிஸ்க்கையே துடைத்தாலும் பழையபடி வந்து நிற்கிறது.

இது பேயும் அல்ல, வைரசும் அல்ல. கார்டுக்கு வயதாகி விட்டது. அதில் உள்ள சிறு அறைகளில் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அறைகள் தேய்ந்து போனால், சில கார்டுகள் புதிதாக எழுதுவதையே நிறுத்தி விடும். படிக்க மட்டும் விடும். கம்ப்யூட்டர் தன் ஞாபகத்தில் பைலை அழித்துக் காட்டுகிறது. கார்டில் ஒன்றும் மாறவில்லை.

ஒரு விதத்தில் இது கார்டு செய்யும் கடைசி உபகாரம். உள்ளதை எல்லாம் உடனே வேறு இடத்துக்குப் பிரதி எடுத்துக் கொண்டு, கார்டை ஒதுக்கி விட வேண்டும்.

முதலில் பிரதி, பிறகுதான் பழுது

நோய் அறிகுறி தெரிந்ததும் பலர் செய்வது என்ன? விண்டோஸில் உள்ள "செக் டிஸ்க்" என்ற பழுது பார்க்கும் புரோகிராமை ஓட்டுகிறார்கள். நல்ல புரோகிராம்தான். ஆனால், அதன் வேலை பதிவேட்டைச் சரிசெய்வது. பதிவேட்டோடு பொருந்தாத பைலை அது வெட்டும், ஒதுக்கும். சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை "பவுண்ட்" என்ற மறைவான போல்டரில் பெயர் இல்லாமல் போட்டு விடும். கெட்ட மனைகளைத் தேடச் சொன்னால், டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் உருட்டும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பைத் தாங்காது. மாரடைப்பு வந்தவரை ஓடச் சொல்வது போன்றது அது.

ஆகவே வரிசை முக்கியம்.

முதலில், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. மீட்கும் புரோகிராமைக் கூட அதில் ஏற்றக் கூடாது.

இரண்டாவது, வேறு ஒரு டிஸ்க்கைக் கொண்டு வந்து, அதில் பிரதி எடுக்க வேண்டும். மறுபடி கிடைக்காதவற்றை முதலில் எடுக்க வேண்டும். குடும்பப் படங்கள், கணக்குகள், எழுதிய கட்டுரைகள் முதலில். சினிமாவும் பாட்டும் பிறகு. ஒரு பைலில் சிக்கிக் கொண்டால், அதை விட்டு விட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும்.

கைதேர்ந்த பழுது பார்ப்பவர்களும் இதையே செய்கிறார்கள். "டிடி ரெஸ்கியூ" என்று விலையில்லாத புரோகிராம் ஒன்று இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் அது முதலில் பிரதி எடுத்து விடும். கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வந்து, சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கும்.

மூன்றாவது, எடுத்த பிரதிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் போதாது; படம் முழுவதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பழுது பார்ப்பது. டிஸ்க்கின் பெயர் மேல் வலது பொத்தானை அமுக்கி, "பிராப்பர்டீஸ்", "டூல்ஸ்", "செக்" என்று வரிசையாகப் போனால், சோதனை ஆரம்பமாகும். மின்வெட்டால் வந்த குழப்பம் என்றால், இதிலேயே பெரும்பாலும் சரியாகி விடும். அடம் பிடித்த பைலும் போய்விடும். சரியான பிறகும் மறுபடி மறுபடி பிழை வந்தால், டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

"டிக், டிக்" என்று டிஸ்க்கில் சத்தம் வந்தால், மேற்படி எதையும் செய்யக் கூடாது. உடனே மின்சாரத்தை நிறுத்தி, விவரம் மீட்கும் நிபுணரிடம் கொடுக்க வேண்டும். டிஸ்க்கைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கேட்கக் கூடாது. உள்ளே ஈரம் கோர்த்து, இருப்பதும் போய்விடும்.

விண்ணில் இருந்து விழுந்த டிஸ்க்

நிபுணர்களால் எவ்வளவு தூரம் மீட்க முடியும்? அதற்கு ஓர் உருக்கமான சாட்சி இருக்கிறது.

2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி. கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் உயிர் இழந்தார்கள். ஓடத்தின் துண்டுகள் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் விழுந்தன. 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள்.

அவற்றில் கரிந்து உருகிய ஓர் உலோகக் கட்டி இருந்தது. அது ஒரு ஹார்டு டிஸ்க்! செனான் என்ற வாயுவைப் பற்றி விண்வெளியில் செய்த சோதனையின் விவரங்கள் அதில் இருந்தன. ஒரு பகுதி பறக்கும் போதே பூமிக்கு வந்து சேர்ந்து விட்டது. மீதி அந்த டிஸ்க்கில் மட்டுமே இருந்தது.

"கிரோல் ஆன்டிராக்" என்ற கம்பெனியிடம் அதைக் கொடுத்தார்கள். பெட்டியின் ஓரம் உருகி, உள்ளே தூசி புகுந்து இருந்தது. நல்ல வேளையாக, விவரம் எழுதி இருந்த பகுதி கெடவில்லை. தட்டுகளைக் கழுவிச் சுத்தம் செய்து, வேறு டிஸ்க்கில் பொருத்தினார்கள். 100-க்கு 99 பங்கு விவரம் கிடைத்தது! அந்த ஆராய்ச்சியின் முடிவு 2008-ம் ஆண்டு வெளியாயிற்று.

விவரங்கள் சிதறாமல் ஒரே பக்கமாக இருந்ததும், அவற்றின் மேல் வேறு எதுவும் எழுதப்படாததும் பெரிய உதவி. ஓடத்தில் இருந்து கிடைத்த வேறு 2 டிஸ்க்குகளில் இருந்து ஒன்றும் மீட்க முடியவில்லை. விண்ணில் இருந்து விழுந்த டிஸ்க் பிழைத்தது. ஆனால் வீட்டு மேஜை மேல் இருக்கும் டிஸ்க், பதற்றத்தில் துடைக்கப்பட்டுச் சாகிறது!

தொப்பி போயிற்று, காலணி போயிற்று

கடைசியாக ஒரு சினிமாக் கதை. கதை அல்ல, நடந்தது.

1998-ம் ஆண்டு, அமெரிக்காவின் பிக்சார் கம்பெனி "டாய் ஸ்டோரி 2" என்ற பொம்மைப் படத்தைத் தயாரித்துக் கொண்டு இருந்தது. படம் முழுவதும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒரு நாள், யாரோ ஒருவர் "எல்லாவற்றையும் அழி" என்ற கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்து விட்டார்.

படத்தில் வேலை செய்த ஓரன் ஜேக்கப் என்பவர் திரையைப் பார்த்துக் கொண்டு இருந்தார். கதாநாயகப் பொம்மையான ஊடியின் தொப்பி மறைந்தது. பிறகு காலணி மறைந்தது. பிறகு ஊடியையே காணோம்! அலறி அடித்துக் கொண்டு கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள். அதற்குள் 100-க்கு 90 பங்கு போய்விட்டது.

"பிரதி இருக்கிறதே!" என்று தைரியமாகப் போய்ப் பார்த்தார்கள். பிரதி எடுக்கும் இயந்திரம் முன்பே பழுதாகி இருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. பிரதியை யாரும் திறந்து பார்த்ததே இல்லை.

படத்தைக் காப்பாற்றியவர் ஒரு தாய்! கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து இருந்தது. வீட்டில் இருந்தே வேலை செய்வதற்காக, படத்தின் பிரதி ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து இருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, மெதுவாக ஓட்டிக் கொண்டு வந்து சேர்த்தார்கள். பின்னர் கதையைப் பெருமளவு மாற்றி அமைத்தார்கள். 1999-ம் ஆண்டு நவம்பர் மாதம் படம் வெளிவந்தது.

3, 2, 1

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓர் எளிய விதியைப் பிரபலமாக்கினார். "3, 2, 1" என்பது அதன் பெயர். முக்கியமான எதற்கும் 3 பிரதிகள் வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். 1 பிரதி வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ இருக்க வேண்டும்.

நகையை ஒரே பெட்டியில் வைக்காத குடும்பங்கள், குழந்தைகளின் படங்களை ஒரே டிஸ்க்கில் வைத்து இருக்கின்றன. வெளியே சொருகும் டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒரு முறை பிரதி எடுத்து, அண்ணன் வீட்டிலோ அக்காள் வீட்டிலோ வைத்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதைத் திறந்து நாலு படங்களைப் பார்க்க வேண்டும். பழைய நாட்களைப் பார்த்து மகிழ்ந்தது போலவும் இருக்கும். பிரதி நன்றாக இருக்கிறதா என்று சோதித்தது போலவும் இருக்கும்.

மின்வெட்டு அடிக்கடி ஏற்படும் ஊராக இருந்தால், மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒரு "யு.பி.எஸ்." வைக்க வேண்டும். பென் டிரைவை எடுக்கும் முன்பு, "எஜெக்ட்" கொடுக்க வேண்டும். இவை சின்ன வேலைகள்தான். ஆனால், பதிவேடு குழம்புவதை இவை பெருமளவு தடுத்து விடும்.

இனி ஒரு பைல் அழிய மறுத்தால், அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பெயரும் தேதியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒழுங்காக இல்லை என்றால், அந்தப் பைலை விட்டு விடுங்கள். மற்றப் பைல்களைப் பிரதி எடுக்க உட்காருங்கள். ஒரு குப்பைப் பைல் இன்னும் நாலு நாள் இருந்து விட்டுப் போகட்டும். குழந்தையின் முதல் பிறந்த நாள் மறுபடி வராது!